வாசற்காவலில் ஓட்டை

செல்லின் உட்கருவில் உள்ள நுண்துளைகள் சீர்கெட்டால் புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது. அந்த வழியை அடைப்பதே இப்போது ஒரு சிகிச்சை.

மனித உடலில் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கோட்டை இருக்கிறது. மரபணுக்கள் பத்திரமாக இருக்கும் உட்கருதான் அது. கோட்டைச் சுவரில் சில ஆயிரம் வாசல்கள். சிறிய மூலக்கூறுகள் தடையின்றிப் போய்வரலாம். பெரிய புரதங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். கூட்டிச் செல்ல ஆளும் வேண்டும். இந்தக் கெடுபிடி குலைந்தால்? சில சமயங்களில் விளைவு, புற்றுநோய்.

1950-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலாகக் கண்ணில்பட்டபோது இவை வெறும் துளைகளாகத்தான் தெரிந்தன. உண்மையில் ஒவ்வொரு வாசலும் சுமார் 30 வகைப் புரதங்கள் பல பிரதிகளாகச் சேர்ந்து கட்டிய பெரிய எந்திரம். கோளாறு இரண்டு விதமாக வருகிறது.

ஒன்று, வாசலின் சட்டமே உடைவது. 11-வது குரோமோசோமில் இருக்கும் 'நப்-98' மரபணு வாசல் புரதம் ஒன்றைத் தயாரிக்கிறது. இது முறிந்து, 7-வது குரோமோசோமின் மரபணு ஒன்றுடன் ஒட்டிக்கொண்டால் கடுமையான ரத்தப் புற்றுநோய் வருவதை 1996-ல் கண்டறிந்தார்கள். வாசலில் நிற்க வேண்டிய புரதத்தின் ஒரு துண்டு, உட்கருவுக்குள் புகுந்து அடங்க வேண்டிய மரபணுக்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ரத்த செல்கள் முதிராமலே பெருகுகின்றன. குழந்தைகளையும் இது விட்டுவைப்பதில்லை. 5-வது குரோமோசோமுடன் ஒட்டும் ரகம் வழக்கமான குரோமோசோம் சோதனையில் சிக்காது. மூலக்கூறு சோதனைதான் காட்டிக்கொடுக்கும். எளிதில் குணமாகாத நோய் என்பதால் முன்கூட்டியே தெரிவது முக்கியம்.

இரண்டாவது, வாசல் சரியாகவே இருக்கும்; கடத்தல்தான் மிஞ்சிவிடும். 'எக்ஸ்போர்டின்-1' என்ற புரதம் உட்கருவிலிருந்து சரக்கை வெளியேற்றும் கூலியாள். பல புற்றுநோய் செல்களில் இது அளவுக்கு மீறி இருக்கிறது. கட்டியைத் தடுக்கும் காவலரான 'பி-53' போன்ற புரதங்களையும் இது வெளியே தள்ளிவிடுகிறது. காவலர் இருக்கிறார், ஆனால் கோட்டைக்கு வெளியே.

கூலியாளைக் கட்டிப்போட்டால்? நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த 'லெப்டோமைசின்-பி' அதைச் செய்தது. ஆனால் 1990-களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பக்கவிளைவுகள் தாங்க முடியாமல் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த 'செலினெக்சார்' மாத்திரைக்கு 2019 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் மல்டிபிள் மைலோமா நோயாளிகள் 122 பேரிடம் நடந்த சோதனையே இதற்கு ஆதாரம். அவர்களில் பாதிப் பேராவது அதற்குள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளைப் பார்த்துவிட்டவர்கள். ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்ததில் 26 சதவீதத்தினருக்கு நோய் கணிசமாகக் குறைந்தது. வேறு வழியில்லாதவர்களுக்கு இது சிறிய எண் அல்ல.

விலையும் உண்டு. நல்ல செல்களும் இதே கூலியாளைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. குமட்டல், அசதி, எடை இழப்பு எல்லாம் சேர்ந்து வருகின்றன. முதல் சோதனையில் வாரம் இருமுறை கொடுக்கப்பட்ட மாத்திரை, பிறகு வேறு மருந்துகளுடன் சேர்த்து வாரம் ஒருமுறையாகச் சோதிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதற்கும், நோயின் முந்தைய கட்டத்திலேயே கொடுக்க, அனுமதி கிடைத்தது. கோட்டை வாசலை ஒரேயடியாக அடைத்துவிட முடியாது. எவ்வளவு நேரம் அடைப்பது என்பதில்தான் சிகிச்சையின் சாமர்த்தியம் இருக்கிறது.