தையல் மெஷினுக்கு எந்த எண்ணெய்?



பசுவந்தனை சுற்று வட்டாரத்தில் பல குழுக்களில் தையல் தொழில் நடக்கிறது. சிலர் சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷின் பெற்றவர்கள். பலர் குழுக் கடனில் வாங்கியவர்கள். எப்படி வாங்கினாலும் மெஷின் ஓடினால்தான் கூலி. கூலி வந்தால்தான் தவணை. பள்ளிச் சீருடை தைக்கிற நேரத்தில் மெஷின் இறுகி நின்றுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எண்ணெய் எண்ணெய்தானே அக்கா, எதை விட்டா என்ன?" அப்படி இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சமையல் எண்ணெய் வேண்டாம்

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் பாட்டிலின் வாய்ப்பக்கம் நாளாக நாளாக என்ன ஆகிறது? பிசுபிசுவென்று ஒட்டும் கறை படிகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. காற்றுப் பட்டு எண்ணெய் பிசின் மாதிரி ஆவதால் வருவது அது. மெஷினுக்குள்ளும் அதேதான் நடக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசின் ஆகாது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மெஷின் கனமாக மிதிபடுவது இதனால்தான். நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும்.

விளக்கெண்ணெய் வண்டிக்கு, மெஷினுக்கு அல்ல

நம் பெரியவர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போட்டார்கள். வெளிநாட்டிலும் 1909-ல் காஸ்ட்ரால் என்ற பெயர் வந்தது, அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்த்ததால்தான். பாரம் தாங்கும் அச்சுக்குக் கெட்டி எண்ணெய் சரி. தையல் மெஷினின் இடுக்குகளோ மிகச் சிறியவை, வேகமாக ஓடுபவை. அங்கே தண்ணீர் போல ஓடும் எண்ணெய்தான் உள்ளே போகும்.

பைக் ஆயில் வேண்டவே வேண்டாம்

பைக்கிற்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில் கெட்டியானது. நிறமும் உண்டு. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் துணிக்குப் பணம் கட்ட வேண்டியது நாம்தான். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் இருக்கும். அது மெஷினை அரித்துவிடும்.

மண்ணெண்ணெய் கழுவ மட்டும்

பிடித்துப்போன பழைய பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய் உதவும். ஆனால் அது வழவழப்புத் தராது. கழுவியபின் துணியால் நன்றாகத் துடைத்து, உடனே மெஷின் ஆயில் விட வேண்டும். அடுப்பு, விளக்குப் பக்கம் இந்த வேலை கூடாது.

சரியானது எது?

கடையில் "தையல் மெஷின் ஆயில்" என்று கேட்டு, மூடி திறக்காத பாட்டிலாக வாங்குங்கள். நிறம் இல்லாமல், வாடை இல்லாமல், மெல்லிதாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் சீருடை தைக்கும் மெஷினுக்கு வேண்டாம். சிறிய பாட்டில் ஒன்று ஒரு ரவிக்கை தைக்கும் கூலிக்குள் முடிந்துவிடும்.

எப்படி விடுவது?

* மோட்டார் இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.
* ஷட்டிலைக் கழற்றி, நூல் பஞ்சையும் தூசியையும் பிரஷ்ஷால் எடுங்கள். நம் ஊர் கரிசல் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். ஆனி, ஆடிக் காற்றில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.
* ஷட்டில் ஓடும் பாதை, ஊசிக் கம்பி, மேலே உள்ள துளைகள், அடியில் அசையும் மூட்டுகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு போதும். மிதியின் இரண்டு முனைகளையும் மறக்க வேண்டாம்.
* தோல் வாரில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் வழுக்கும்.
* நூல் கோர்க்காமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கழிவுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் துணியை எடுங்கள்.
* நாள் முழுக்கத் தைப்பவர்கள் தினமும், எப்போதாவது தைப்பவர்கள் வாரம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்.
* வேலை முடிந்ததும் மெஷினை மூடி வையுங்கள். பழைய சேலைத் துணியே போதும்.

அடியில் எண்ணெய்த் தொட்டி உள்ள பவர் மெஷின் வைத்திருக்கும் குழுக்கள், எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். கருத்துப்போனால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கு வாசித்துக் காட்டி, ஒரு மெஷினில் செய்தும் காட்டுங்கள். குழுவுக்கு ஒரு பெரிய பாட்டில் வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும். சொட்டு எண்ணெயில் சிக்கனம் பார்த்து, கடன் வாங்கிய மெஷினை இழக்க வேண்டாம்.