1.25 மடங்கு வேகம் எங்கே போச்சு?

பைதான் 3.11 வெளியானது 2022 அக்டோபரில். 3.10-ஐ விட 10 முதல் 60 சதவீதம் வரை வேகம், சராசரியாக 1.25 மடங்கு என்று அதன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இருந்தது. அதை நம்பி, ராத்திரி ஓடும் எங்கள் ரிப்போர்ட் ஜாப் கால்வாசி நேரம் முன்னாடியே முடிஞ்சிடும்னு மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். டீம் ஒரு சனி, ஞாயிறைத் தியாகம் செய்தது. திங்கட்கிழமை லாகைப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை.

என் முதல் தப்பு கணக்கில். 1.25 மடங்கு வேகம் என்றால் 100 நொடி வேலை 80 நொடியில் முடியும். மிச்சமாவது 20 சதவீதம்தான், 25 இல்லை.

இரண்டாவது தப்பு, அந்த வேகம் எங்கிருந்து வருது என்று பார்க்காதது. ரெண்டு மாறிகளைக் கூட்டச் சொன்னால், பழைய பைதான் ஒவ்வொரு முறையும் 'இது எண்ணா, எழுத்தா?' என்று விசாரித்துவிட்டுத்தான் கூட்டும். 3.11 அப்படியில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடி, எப்போதும் முழு எண்களே வந்தால், அந்தக் கட்டளையை எண்களுக்கான குறுக்குவழியாக மாற்றிக்கொள்ளும். வேறு வகை வந்தால் பழைய வழிக்குத் திரும்பிவிடும். ஆக, லாபமெல்லாம் பைதான் வரிகளே சுற்றிச் சுற்றி ஓடும் இடத்தில்தான். நம்பை மாதிரி, சி மொழியில் கணக்குப் போடும் லைப்ரரிக்குள் இது எட்டிக்கூடப் பார்க்காது.

எங்கள் ஜாப் பெரும்பாலும் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்துக்கிடந்தது. 100 நொடியில் 80 நொடி காத்திருப்பு என்று வையுங்கள். மீதி 20 நொடி 16 ஆகும். மொத்தம் 96. அவ்வளவுதாங்க!

இப்போதெல்லாம் நான் செய்வது இதுதான். முதலில் புரொஃபைலர் போட்டு நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பேன். பிறகு ஒரே மெஷினில், ஒரே டேட்டாவோடு, லைப்ரரிகளைக் கூடியவரை மாற்றாமல் ரெண்டு பதிப்பையும் பலமுறை ஓட்டுவேன். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுத்தான். சின்னத் துண்டு நிரல்களுக்குச் சராசரியை விடக் குறைந்தபட்ச நேரத்தை நம்புவேன். கூடுதல் நேரம் பெரும்பாலும் வேறு புரோகிராம்கள் குறுக்கே வந்ததால்தான்.

வெளியீட்டுக் குறிப்பு பொய் சொல்லவில்லை. அது அவர்கள் ஓட்டிப் பார்த்த நிரல்களின் சராசரி. என் நிரல் அந்தப் பட்டியலில் இல்லை. மேனேஜரிடம் வாய் திறக்கும் முன் ஒரு மணி நேரம் அளந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்திருப்பார்கள்.