எப்படி இயங்குகிறது? டரான்டுலாவும் முறுக்கு அச்சும்

முறுக்கு அச்சில் மாவை நிரப்பி மேலிருந்து அழுத்துகிறோம். அடித்தட்டின் துளைகள் வழியே மாவு நீண்டு இறங்குகிறது. கீழேயிருந்து அதை யாரும் இழுப்பதில்லை. டரான்டுலா என்ற பெருஞ்சிலந்தி தன் எட்டுக் கால்களை நீட்டுவதும் இப்படி அழுத்தித்தான். முதன்முதலாக ஒரு டரான்டுலாவை வளர்க்க விரும்புகிறவர், நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் இந்த அச்சு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த இனத்தை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது பெரும்பாலும் இதிலேயே விளங்கிவிடும்.

நம் முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை இருக்கிறது. சிலந்தியின் ஒவ்வொரு காலிலும் இரண்டு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்ட வேண்டுமென்றால், முன்னுடலின் தசைகள் சுருங்கி அதன் ஓட்டை அமுக்குகின்றன. உள்ளேயிருக்கும் உடல் திரவம் கால்களுக்குள் பாய்ந்து மூட்டுகளை நிமிர்த்துகிறது. முறுக்கு மாவு வெளியே போய்விடும். இந்தத் திரவமோ கால் மடங்கும்போது உடலுக்கே திரும்பிவிடும். பாரி, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டுச் சிலந்தி ஒன்றின் காலில் இந்த அழுத்தத்தை அளந்து 1959-இல் வெளியிட்டார்கள். ஓய்வில் சுமார் 5 செ.மீ. பாதரசம், கண நேரத்துக்கு 40 வரை ஏறியது. நம் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை இதே கணக்கில் சொன்னால் 12 செ.மீ.தான். செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதும் இதனால்தான். அழுத்தம் போன பிறகு மடக்குவதற்கு மட்டுமே ஆள் இருக்கிறது.

அச்சின் குழல் விரிசல் விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் முறுக்கு விழாது. டரான்டுலாவின் வயிற்றுத் தோல் மெல்லியது. ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தால்கூட அது கிழியலாம். திரவம் வெளியேறினால் பிழைப்பது அரிது. ஆகவே தொடக்கக்காரருக்கு ஏற்றது தரையில் வாழும், நிதானமான இனம். மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்த சிவப்பு முழங்கால் டரான்டுலா, மத்திய அமெரிக்காவின் சுருள்முடி டரான்டுலா இரண்டையும் தயங்காமல் சொல்வேன். பெட்டி அகலமாக இருக்கட்டும், உயரமாக வேண்டாம். தென்னைநார்த் தூளை ஆழமாக நிரப்பி, தூளுக்கும் மூடிக்கும் இடைவெளி சிலந்தியின் கால்விரிவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்து விளையாட ஆசை வரும். அதனால் சிலந்திக்கு ஒரு நன்மையும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. தவிர, இந்த அமெரிக்க இனங்கள் மிரண்டால் வயிற்றிலுள்ள அரிப்பு முடிகளைப் பின்னங்காலால் உதறிவிடும். அவை கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும்.

மாவு வறண்டால் அச்சு திணறும். வளர்ந்த டரான்டுலா மாதக்கணக்கில் இரையில்லாமல் இருக்கும். தண்ணீர் இல்லாமல் அப்படித் தாங்காது. நீர்ச்சத்து குறையும்போது கால்கள் மெல்ல உடலுக்கடியில் மடங்கத் தொடங்கும். ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருந்தால் போதும். பொடிக் குஞ்சுகள் சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், கால்விரிவு 5 செ.மீ. அளவுக்கு வளர்ந்த இளம் சிலந்தியை வாங்குவது நல்லது. பெண் கிடைத்தால் இன்னும் நல்லது. அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆண் பருவமடைந்தபின் அதிக காலம் இருக்காது.

புதியவர்கள் அதிகம் பதறுவது சட்டை உரிக்கும்போதுதான். டரான்டுலா மல்லாந்து படுத்துவிடும். செத்துவிட்டதென்று நினைத்துத் தொட்டால் கெட்டது. அது அப்போது அதே அழுத்தத்தைக் கூட்டித் தன் பழைய ஓட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. செத்த சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்தபடியே கால்களை அடியில் சுருட்டிக் கிடக்கும். மல்லாந்திருந்தால் இரையாகப் போட்ட கரப்பானையோ சுவர்க்கோழியையோ பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, விலகி இருங்கள். உரித்த பிறகும் பற்கள் கடினமாகும்வரை, குறைந்தது ஒரு வாரம், இரை போடக் கூடாது.

நம் நாட்டிலும் இலங்கையிலும் மரங்களில் வாழும் பொசிலோதீரியா டரான்டுலாக்கள் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆந்திரத்தின் நீல டரான்டுலாவும் ராமேசுவரம் பகுதியில் கண்டறியப்பட்டு 2004-இல் விவரிக்கப்பட்ட இனமும் அந்தக் கூட்டம்தான். மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. புதியவர் கைக்கு அவை சற்றும் பொருந்தாது. அவை காட்டில் இருப்பதும் குறைந்து வருகிறது. காட்டிலிருந்து ஒன்றைக்கூடப் பிடிக்காதீர்கள், பிடித்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

சிவப்பு முழங்கால் டரான்டுலா அடங்கிய பேரினம் முழுவதும் 1994 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிப் பட்டியலிடப்பட்ட அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: வளர்ப்பிடத்தில் பிறந்ததா, தாள்கள் இருக்கின்றனவா, கடைசியாக எப்போது சட்டை உரித்தது? பதில் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.