மலைப்பாதைக்கு இலேசான காரே அழகு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடம் பூட்டியிருந்த கதவு திறந்ததும், காத்திருந்த ஆசைகளும் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று, இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கூபே அல்லது கூரை திறக்கும் ரோட்ஸ்டர் ஒன்றைச் சொந்தமாக்கும் ஆசை. ஹட்டனில் கடை நடத்துபவர், நுவரெலியாவில் விடுதி வைத்திருப்பவர், வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் தலவாக்கலைக்குத் திரும்பியவர் என்று இந்த ஆசைக்கு மலையகத்திலும் ஆட்கள் உண்டு. ஆசையில் தவறில்லை. ஆனால் இந்தக் கார்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் குதிரைவலுவில் போய் முடிகிறது. நமது மலைப்பாதையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அருமையைத் தீர்மானிப்பது வலு அல்ல, எடைதான். சிறிய எஞ்சினும் குறைந்த எடையும் கொண்ட, நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய கார் ஒன்று, பெரிய எஞ்சின் பூட்டிய புதிய காரைவிட இங்கே ஓட்ட இனியது, செலவு குறைந்தது, வீதியில் நடப்போருக்கும் ஆபத்துக் குறைந்தது.

வளைவு சொல்லும் கணக்கு

றம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையிலோ வரும் கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 20 மீற்றர் என்று வைப்போம். மழையில் நனைந்த தாரில் டயரின் பிடிமானம் உலர்ந்த வீதியில் உள்ளதைவிட வெகுவாகக் குறையும். அந்தப் பிடிமானத்தை வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 36 கிலோமீற்றர் அளவுக்கு மேல் எந்தக் காரும் அந்த வளைவில் நிற்காது. 64 குதிரைவலு உள்ள காருக்கும் 300 குதிரைவலு உள்ள காருக்கும் எல்லை ஒன்றேதான். ஒரு வளைவு முடிந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் நேர்வீதியும் மிகக் குறுகியது. சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமோ நகரத்துக்கு வெளியே 70 கிலோமீற்றர், நகரத்துக்குள் 50. அப்படியானால் மிச்சமுள்ள வலுவை எங்கே செலவழிப்பது? ஸ்டியரிங் பேசும் பேச்சு, கியரைச் சரியான தருணத்தில் இறக்கும் நயம், முன்சக்கரம் கோட்டைப் பிடித்துத் திரும்பும் சுகம் ஆகியவைதான் இந்தப் பாதையில் கிடைக்கும் இன்பம். இலேசான காரில் இவை 35 கிலோமீற்றர் வேகத்திலேயே கிடைத்துவிடும். கனத்த, வலுமிகுந்த காரில் இதே உணர்வைப் பெற அதைவிட எவ்வளவோ வேகமாகப் போகவேண்டியிருக்கும்.

உயரமும் வலுவை விழுங்கிவிடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் குடிக்கும் காற்றும் அதே அளவு குறையும். வலுவும் அதே விகிதத்தில் இறங்கும். காட்சியறையில் 200 என்று காசு கொடுத்து வாங்கிய குதிரைவலு, நுவரெலியாவின் கிரகரி வாவியை அடையும்போது 170 அளவில்தான் இருக்கும். எடை மட்டும் மேலே ஏற ஏறக் குறைவதில்லை.

இறக்கத்தில் இந்த எடை இன்னும் கடுமையாகக் கணக்குக் கேட்கும். நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்குகிறோம். ஆயிரம் கிலோ காரொன்று அந்த உயரத்தை இழக்கும்போது சுமார் 14 மெகாஜூல் சக்தி வெளிப்படும். ஆயிரத்து ஐந்நூறு கிலோ கார் என்றால் 20ஐத் தாண்டும். காற்றின் தடையும் எஞ்சின் பிடிப்பும் வாங்கியது போக மிச்சம் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேரவேண்டும். இறங்கி முடிந்ததும் சக்கரத்தடியில் வரும் கருகல் வாடை அதன் அடையாளம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். கொதித்துவிட்டால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. நம் பாதையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அதை மாற்றுவது உயிர் காக்கும் செலவு.

மலை ஏற்கெனவே அறிந்த உண்மை

இது புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. நுவரெலியாவின் மாகாஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. இலங்கையின் மோட்டார் விளையாட்டுகளில் மிகப் பழையது அதுதான். நானுஓயாவை அடுத்த ராதல்லையிலும் தேயிலைக்கு நடுவே அதே வகைப் போட்டி நடக்கிறது. தோட்டத் துரைமாரின் காலத்தில் மலையேறிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களின் அளவைப் பாருங்கள். போர் முடிந்ததும் வந்த எம்ஜி டிசியின் எஞ்சின் 1,250 சிசி, வலு 54. 1958இல் வெளிவந்த ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு 948 சிசி, வலு 43, எடை 700 கிலோவுக்கும் குறைவு. இன்றைய குடும்பக் கார் எதுவும் நேர்வீதியில் இவற்றை முந்திவிடும். ஆனாலும் மலைவீதியில் ஒரு தலைமுறையையே இவை மயக்கின. காரணம் எடைதான்.

அந்த மரபை 1989இல் உலகத்துக்கு மீட்டுத் தந்தது ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறைக் காரின் எடை ஆயிரம் கிலோவை எட்டவில்லை. 2015இல் வந்த நான்காம் தலைமுறையும், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் கூடிய பின்னரும், ஜப்பானிய அடிப்படை வகையில் 990 கிலோவோடு நின்றது. எஞ்சின் 1,496 சிசி. பத்து லட்சத்துக்கு மேல் விற்று, உலகில் அதிகம் விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரெடுத்தது இந்தச் சிறிய கார்தான்.

புதிதா, பழையதா?

நமது வரிமுறையும் இதே பக்கம்தான் சாய்கிறது. பெற்றோல் காருக்கான உற்பத்தித் தீர்வை எஞ்சினின் சிசியைப் பொறுத்து ஏறுகிறது. இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் ஆடம்பர வரி சேரும். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம். எனவே 2,387 சிசி கொண்ட டொயோட்டா ஜிஆர்86க்கும் 1,496 சிசி கொண்ட மாஸ்டாவுக்கும் ஜப்பானில் உள்ள விலை இடைவெளி, கொழும்புத் துறைமுகம் தாண்டியதும் பன்மடங்காகிவிடும். இறக்குமதியாகும் கார் மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கவும் கூடாது. மலிவான பழைய ரோட்ஸ்டர் ஒன்றை ஜப்பானிலிருந்து நேரே வரவழைக்கும் வழி இதனால் அடைபட்டிருக்கிறது. பெரும்பாலானோருக்கு எஞ்சியிருப்பது, நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவாகி ஓடும் கார்களே.

அவற்றில் எளிதாக அகப்படுவது ஹொண்டா சிஆர்-இஸட். 2010இல் வெளிவந்து, அவ்வருட ஜப்பானின் சிறந்த கார் விருதையும் பெற்ற இந்த ஹைபிரிட் கூபே, இங்கே ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை இருந்த காலத்தில் நிறையவே வந்திறங்கியது. 1,496 சிசி எஞ்சின், எடை 1,130 கிலோவிலிருந்து. ஹொண்டா ஃபிட்டின் உறவுக்கார் என்பதால் பல உதிரிப்பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஹட்டன் கராஜ்காரருக்கும் கை பழகிய வண்டி. இதை வாங்கப் போகிறவர் தட்டையான வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கக்கூடாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏற்றிப் பாருங்கள். பற்றரி அளவு காட்டும் கோடுகள் ஏற்றத்தில் ஒவ்வொன்றாக இறங்குவது இயல்பு. பாதிக்கு மேல் இருந்தது திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தாலோ, இறக்கத்தில் நம்பமுடியாத வேகத்தில் நிரம்பினாலோ, கலங்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். புதிய பற்றரிக்கான பணத்தை விலையில் கழித்துப் பேசவேண்டும். 2012 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிந்திய கார்களில் லித்தியம் அயன் பற்றரி இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தாலும் அதைத் தேடுவது நல்லது.

கூரை திறக்கும் கார்தான் வேண்டும் என்பவருக்கு பழைய எம்எக்ஸ்-5, அல்லது டைஹட்சு கோபென். கோபெனின் முதல் தலைமுறை 2002இல் வந்தது: 659 சிசி டர்போ எஞ்சின், 64 குதிரைவலு, சுமார் 830 கிலோ. டர்போ உயரத்தின் இழப்பைப் பெருமளவு ஈடுசெய்கிறது. ஒன்றரை மீற்றருக்கும் குறைந்த அகலம், எதிரே கொழுந்து லொறி வரும் தோட்டப் பாதையில் பெரிய வரம். எம்எக்ஸ்-5இல் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினை அல்ல, இருக்கைக்குப் பின்னால் கூரைத்துணி முடியும் மூலையை. மழைநீர் வழிந்தோடுவதற்கு அங்கே இரு பக்கமும் சிறு துவாரங்கள் உண்டு. சருகும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள உட்சட்டத்தில் தேங்கி, உள்ளிருந்தே துரு ஏறும். வெளியே வர்ணம் பளபளவென்றிருக்கும். அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் தகடு பொருபொருக்கும். மூடுபனியும் தூறலும் ஓயாத ஊரில் நின்ற கார் என்றால் இதைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

எந்தக் காரானாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி இலக்கமும் காரில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் கைமாறிக்கொண்டே வந்த கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய கார், சைலன்ஸர் மாற்றிய கார் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குத்தான் மலையில் ஆயுள் அதிகம்.

மறுப்புகள்

இரண்டு பேர் மட்டும் ஏறும் கார் நம் வீதிக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. தரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில் ஓடும் காரை லயத்து வாசல் வரை கொண்டுபோக முடியாத தோட்டங்கள் ஏராளம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலைவீதிகளைச் சிதைத்த விதத்தையும் மறக்க இயலாது. இதற்கு மறைவில்லாத பதில் ஒன்றுதான்: வீட்டில் இது ஒன்றே வாகனம் என்றால் வாங்கவேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் வேறு வாகனம் இருக்கும் வீட்டுக்கு, பிரதான வீதியின் ஓரத்தில் நிறுத்த இடம் உள்ளவருக்கு மட்டுமே இந்தப் பரிந்துரை.

சிறிய கார் மோதினால் நொறுங்கிவிடுமே என்பது அடுத்த கேள்வி. பஸ்ஸோடு மோதும்போது எடை குறைந்தவருக்கே சேதம் அதிகம் என்பது மறுக்க முடியாத உண்மை. அதனால்தான் ஏபிஎஸ்ஸும் எயார்பேக்கும் உள்ள வருடத்துக் காரையே தேடவேண்டும். ஆனால் நமது வீதிகளின் துயரங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. 2023 ஜனவரியில் ராதல்லையில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தச் சரிவுகளில் பிழைக்கு இடமே இல்லை. நடைபாதை இல்லாத வீதியோரத்தில் காலையில் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார்கள். வேகமாகப் போனால்தான் மகிழ்ச்சி தரும் கார் ஒன்றை இந்த வீதியில் விடுவது, அந்த மகிழ்ச்சிக்கான விலையை அவர்களிடம் வசூலிப்பதாகும். வேகம் பார்க்கத் துடிப்பவருக்கு மாகாஸ்தோட்டவும் ராதல்லையும் இருக்கின்றன. வீதியை மூடி, நேரம் குறித்து, வைத்தியர் நிற்க ஓடும் போட்டிகள் அவை.

எல்லாவற்றிலும் கனத்த மறுப்பு பணத்தைப் பற்றியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஒவ்வொரு படிக்கும் போராடிய மண்ணில் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு பேச்சா என்று கேட்பவரின் கோபம் மதிக்கத்தக்கது. அந்த ஏற்றத்தாழ்வைக் கார் வாங்குவதும் வாங்காமல் விடுவதும் தீர்க்கப்போவதில்லை. அதற்குச் சம்பளமும் காணியுமே மருந்து. அதேவேளை, இந்த மலையின் அழகிய வீதிகளில் இன்பமாக ஓட்டும் உரிமை துரைமாருக்கும் அவர்களின் விருந்தினருக்கும் மட்டும் எழுதிவைத்ததல்ல. இந்த வீதிகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளை, தன் உழைப்பில் ஒரு சிறிய ரோட்ஸ்டரை வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. வெட்கப்படவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: மதிப்புக்காகப் பெரிய எஞ்சினை லீசிங்கில் எடுத்து, தவணை கட்டமுடியாமல் தாயின் நகையை அடகு வைப்பதில்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். கையிலுள்ள பணத்தில் பத்தில் இரண்டு பங்கைப் பிரேக், டயர், பற்றரி, கிளச் ஆகியவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் அடங்கும் ஆக இலேசான காரை வாங்குங்கள். சிசியையும் வருடத்தையும் பார்க்கும் முன் எடையைக் கேளுங்கள். எடைக்குப் பின் துருவைத் தேடுங்கள். வலுவைக் கடைசியில் விசாரியுங்கள். இந்த வரிசையில் தேர்ந்தவருக்கு, சட்டம் சொல்லும் வேகத்துக்குள்ளேயே, யாரையும் ஓரத்துக்கு ஒதுக்காமலே, ஒவ்வொரு வளைவிலும் கொடுத்த காசுக்குரிய இன்பம் கிடைக்கும்.