அரிக்காத வீக்கம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒருவருக்கு முகம் வீங்கினால் என்ன சொல்வார்கள்? "பூச்சி கடித்திருக்கும்" என்பார்கள். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். அந்த வீக்கம் அரிக்கும். தடிப்பும் வரும். அலர்ஜி ஊசி போட்டால் வற்றும்.

வேறொரு வீக்கம் உண்டு. அது அரிக்காது. உதடு, கண்ணிமை, கை, கால் வீங்கும். குடல் வீங்கினால் வயிறு தாங்க முடியாமல் வலிக்கும். சில நாளில் தானே வற்றும். மறுபடியும் வரும். இதை டாக்டர்கள் ஹெரிடிட்டரி ஆஞ்சியோ எடிமா என்பார்கள். பரம்பரை வீக்கம் என்று பொருள். ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

நம் இரத்தத்தில் சி-1 தடுப்பான் என்ற புரதம் இருக்கிறது. அது குறைந்தால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். சதையில் தேங்கும். இது 1963-இல் தெரியவந்தது. தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்தால், பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செய்வினை என்று அலைவது வீண்.

தொண்டை வீங்கினால்தான் ஆபத்து. குரல் மாறும். மூச்சு அடைக்கும். அலர்ஜி ஊசி இதற்குக் கேட்காது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறைந்த புரதமே ஊசி மருந்தாக உண்டு. விலை மிக அதிகம். அது கிடைக்காவிட்டால் பிளாஸ்மா ஏற்றுவார்கள். வீக்கம் அடிக்கடி வராமல் தடுக்க மாத்திரைகளும் உண்டு. அவற்றில் டனசோல் என்ற மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பல் பிடுங்கும் முன் நோயைச் சொல்ல வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் இவர்களுக்குக் கூடாது. சில கர்ப்பத்தடை மாத்திரைகளும் கூடாது.

டாக்டரிடம் கேட்டு நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளலாம். அதை எப்போதும் பையில் வைத்திருக்கலாம். தொண்டை வீங்கினால் பேச முடியாது. சீட்டைக் காட்டலாம்.