டீச்சர் சுகமாக இருக்கிறாரா?

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி வாசலில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அங்கே கற்பித்துவந்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து வந்ததுதான் காரணம். பாடசாலையின் இந்துப் பாரம்பரியத்துக்குச் சேலையே பொருத்தம் என்றது ஒரு தரப்பு. உடலை மறைத்து உடுத்துவது எங்கள் சமய உரிமை என்றார்கள் ஆசிரியைகள். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டை விசாரித்து ஆசிரியைகளின் பக்கம் நியாயம் கண்டது. 2022 பெப்ரவரியில் அவர்களில் ஒருவர் மீண்டும் கடமையேற்கப் போனபோது பாடசாலைக்குள் பெரும் குழப்பம் ஏற்பட்டு, விவகாரம் நீதிமன்றத்தின் படியேறியது.

இந்த நான்கு வருடங்களில் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் முகநூலிலும் எழுதப்பட்டதற்கும் பேசப்பட்டதற்கும் அளவே இல்லை. அந்த ஆசிரியைகள் என்ன பாடம் எடுத்தார்கள், பிள்ளைகள் அவர்களிடம் எப்படிப் படித்தார்கள், அந்த நாட்களில் அவர்கள் இரவில் நித்திரை கொண்டார்களா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஒரு ஆசிரியையைப் பற்றி நாடே பேசியது. அவருடைய வகுப்பறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான்.

கல்முனைக் கரையில் இருப்பவர்களுக்கு இது அடுத்த ஊர்ச் செய்தி இல்லை. ஆசிரியர்களை உருவாக்கி வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் கரை இது. கல்வியியற் கல்லூரியை முடித்த பெண்ணுக்கு முதல் நியமனம் வெளிமாவட்டத்தில் வந்தால் வீடே கூடிப் பேசும். போர்டிங் எங்கே, கூட யார், வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் இருக்கிறதா, கைப்பிள்ளையை உம்மா பார்ப்பாவா, மாமி பார்ப்பாவா? 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அன்று பத்துக்கு ஒருவர்கூட இல்லை. மருதமுனையில் பஸ் ஏறும்போது அந்த ஆசிரியை ஊரோடு ஊராக ஏறுகிறார். இறங்கும் இடத்தில், ஆசிரியர் அறையில், தனியாளாக நிற்கிறார். சிறுபான்மை என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு பஸ் பயணத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.

2019இல் அந்தத் தனிமை கூர்மையாயிற்று. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து ஐந்தாம் நாள், 26ஆம் திகதி இரவு, எங்கள் சாய்ந்தமருதிலேயே ஒரு வீட்டில், தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குடும்பத்தினரும் கூட்டாளிகளும் குண்டுகளை வெடிக்கவைத்து, சிறுவர்களும் உட்பட மாண்டார்கள். சந்தேகத்துக்குரியவர்கள் வந்திருப்பதைப் பொலிஸாருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான். ஆனால் வெளியூரில் வேலை செய்யும் சாய்ந்தமருது ஆசிரியைக்குத் தன் ஊர்ப் பெயரைச் சொல்லவே நாக்கு எழாத காலம் ஒன்று வந்தது. மே 6ஆம் திகதி மேல்வகுப்புகளுக்குப் பாடசாலை திறந்தபோது வாசலில் பை சோதனை நடந்தது. அந்த வாரமே நோன்பும் தொடங்கியது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறை உண்டு. மற்றப் பாடசாலைகளில் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியருக்கு அது இல்லை. வெறும் வயிறோடு, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு அவர் வகுப்புக்குள் நுழைந்தார்.

அவிசாவளைக்கு அருகே புவக்பிட்டியவில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிர்ப்பு எழ, அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போக நேர்ந்தது. ஏப்ரல் 29ஆம் திகதி வந்த அவசரகால ஒழுங்குவிதி முகத்தை மூடுவதை மட்டுமே தடைசெய்தது. அபாயாவை அது தொடவே இல்லை. ஆனால் வாசலில் நின்று சோதித்தவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. சரியாக ஒரு மாதத்தில், மே 29ஆம் திகதி, பொது நிர்வாக அமைச்சு 13/2019ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரியோ அணிய வேண்டும் என்றது அது. கடும் ஆட்சேபம் எழுந்தபின் அது திருத்தப்பட்டது.

இப்படியான சுமையைப் பற்றி நீண்ட காலமாகப் பேசியும் ஆராய்ந்தும் வருபவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின ஆசிரியர்கள். அவர்களுடைய கதையும் எங்களுடையதும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அடிமைமுறையும் நிறவெறிச் சட்டங்களும் இருந்தன. இங்கே போரும் மொழியும் சமயமும் பின்னிய வேறொரு வரலாறு இருக்கிறது. ஆனாலும் அவர்கள் கண்டு சொன்னவற்றை எடுத்துவைத்துப் பார்த்தால் எங்கள் ஆசிரியர் அறைகள் துலங்கித் தெரிகின்றன.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை நிறத்தால் பிரித்து வேறு வேறு பள்ளிகளில் படிப்பிப்பது சட்டவிரோதம் என்று தீர்த்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் அடுத்து நடந்ததைப் பலர் சொல்வதில்லை. கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போனார்கள். ஆசிரியர்களை அங்கே எடுக்கவில்லை. 1965க்குள் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் ஆசிரியர்களைச் சேர்க்க மறந்தார்கள் என்று மென்மையாகச் சொல்லலாம். மறுத்தார்கள் என்பதே சரி. அந்த இழப்பின் பெறுமதி பிற்பாடுதான் தெரிந்தது. சேத் கெர்ஷன்சனும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புக்குள் ஒரேயொரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 13 வீதமும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 வீதமும் கூடுகிறது. ஒரே ஒரு ஆசிரியர்!

2016இல் அந்நாட்டுக் கல்விச் செயலாளராக இருந்த ஜோன் கிங், இத்தகைய ஆசிரியர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினார். குழப்படிக்காரப் பையனை அடக்க அவரைக் கூப்பிடுவார்கள். தன் இனத்தில் யாரோ செய்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்பார்கள். சம்பளப் பட்டியலில் இந்த வேலைகளுக்கு இடமில்லை. போஸ்டன் நகரின் கறுப்பின ஆண் ஆசிரியர்களை ஆராய்ந்த டிராவிஸ் பிரிஸ்டல், பள்ளியில் தன் இனத்தில் தான் ஒருவர் மட்டுமே என்றிருந்தவர்கள் ஒதுக்கப்பட்ட உணர்வோடு வேலை செய்ததைப் பதிவுசெய்தார்.

எங்கள் ஆசிரியைகளிடம் பேசினால் இந்த வரியின் உள்ளூர்ப் பட்டியல் கிடைக்கும். எங்கோ ஒரு மௌலவி பேசிய காணொளிக்கு அடுத்த நாள் காலை ஆசிரியர் அறையில் பதில் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றால் காணாததுபோல் நாற்காலியை இழுத்து உட்கார வேண்டும். வாணி விழாவில் தோரணம் கட்டவும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கவும் முன்னால் நின்றாலும், பூசை நேரத்தில் ஒதுங்கி நிற்பதை மட்டும்தான் சிலர் நினைவில் வைப்பார்கள். பிள்ளையைக் கண்டித்தால் அது கண்டிப்பாக மட்டும் இருக்காது. ஆகவே கண்டிக்க வேண்டிய இடத்திலும் குரலைத் தாழ்த்திப் பழகிவிடுகிறார்கள். ஒரு ஆசிரியர் தன் குரலைத் தானே அளந்து அளந்து பேசும் வகுப்பில் பாடமும் அளவோடுதான் நடக்கும்.

இதெல்லாம் எப்போதும் இப்படியே இருந்ததா? இல்லை என்பதற்குக் கல்முனையே சாட்சி. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், யுத்தகால உணவு உற்பத்தி வேலைக்கு நடுவே இங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் படிப்பைக் கண்டு கவலைப்பட்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அவர் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். கல்முனையில் இருந்த நாட்களில் அவருக்கு நெருக்கமானவர்களில் ஒருவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1945இல் அஸீஸ் முன்னின்று உருவாக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் அவர் அதிபராகச் செய்த பணியும் எத்தனையோ வறிய பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோயின. அந்த அக்கறை இந்தக் கரையில் கூர்மை பெற்றது என்பதில் எனக்குப் பெருமை.

மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் தமிழைக் கற்றது விபுலாநந்தரிடமும் பெரியதம்பிப்பிள்ளையிடமும். பெரியநீலாவணையைச் சேர்ந்த ஆசிரியரான கவிஞர் நீலாவணனைச் சுற்றி அறுபதுகளில் கூடியவர்களில் எம்.ஏ. நுஃமானும் மருதூர்க்கொத்தனும் உண்டு, இருவரும் ஆசிரியர்கள். நுஃமான் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் கற்பித்தார். சமயம் பார்த்து யாரும் அந்தத் திண்ணைகளில் இடம் ஒதுக்கவில்லை.

1990 ஓகஸ்டின் படுகொலைகள் அந்த நெருக்கத்தை அறுத்துப்போட்டன. காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும். இரு பக்கத்து வீடுகளிலும் இழவு. அதன்பிறகு ஒரு பக்கத்து ஆசிரியர் மறு பக்கத்துப் பாடசாலைக்குப் போகப் பயந்தார். பயம் தணிந்த பிறகும் பழக்கம் திரும்பவில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நெடுஞ்சாலையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. எல்லாப் பாடசாலைகளிலும் ஒரே தமிழ்ப் பாடநூல்தான். ஆனால் கல்முனை வலயத்துக்குள் தமிழ்ப் பாடசாலைகளுக்கென்று தனிக் கோட்டம் இருக்கிறது. அடுத்த ஊர் டீச்சரிடம் ஒரு நாளும் படிக்காமலே ஒரு பிள்ளை உயர்தரத்தை முடித்துவிடலாம்.

வகுப்பறையில் இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர் பிள்ளையின் வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார். மருதமுனையில் தறியின் பாவையும் ஊடையும் காட்டிப் பெருக்கலை விளங்கவைக்கலாம். வயற்கரைப் பிள்ளைக்கு அவணக் கணக்கைக் கொண்டு பின்னம் புரியும். கடற்கரைப் பிள்ளைக்குக் கரைவலையின் பங்கு பிரிப்பே விகிதசமம். மலையகத்துக்கு நியமனம் கிடைத்துப் போகிற எங்கள் ஆசிரியை இதையெல்லாம் விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கும் தராசை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போக வேண்டும். வாசலில் வரவேற்பு இருக்க வேண்டும். குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1994இல் வெளியிட்ட 'தி ட்ரீம்கீப்பர்ஸ்' நூலில், கறுப்பினப் பிள்ளைகளை வெற்றிகரமாகப் படிப்பித்த எட்டு ஆசிரியைகளைப் பற்றி எழுதினார். ஐவர் கறுப்பினத்தவர், மூவர் வெள்ளையர். பிள்ளையின் சமூகத்தை மதித்துப் படிப்பிப்பது பழகிக்கொள்ளக்கூடிய தொழில்திறன் என்பது அந்த மூவரால் நிரூபணமாயிற்று. கூடவே, தன்னைப் போன்ற ஒருவரைக் கரும்பலகைக்கு முன் காண்பதில் பிள்ளைக்குக் கிடைக்கும் தெம்புக்கு வேறு ஈடில்லை என்பதும் உண்மை. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

ஆசிரியரின் மனநலத்தைப் பற்றி இந்தக் கரை அறிந்த மிகப் பெரிய பாடம் 2004 டிசம்பர் 26 சுனாமி. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். 2005 ஜனவரியில் பாடசாலைகள் மீண்டும் தொடங்கியபோது, இடாப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் வராத வரிசைகளுக்கு முன்னால் ஆசிரியர்கள் நின்றார்கள். அவர்களில் பலர் தங்கள் சொந்தப் பிள்ளைகளை அடக்கிவிட்டு வந்தவர்கள். மாணவருக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று அவர்களுக்குப் பயிற்சிகள் தரப்பட்டன. அவர்களுக்கு யார் ஆறுதல் சொல்வது? அன்று அந்தக் கேள்விக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தால் 2019இலும், கோவிட்டில் மாண்டவர்களின் ஜனாஸாக்களை எரித்த 2020இலும், சம்பள முரண்பாட்டுக்காகத் தெருவில் நின்ற 2021இலும், எரிபொருள் இன்றி வெளியூர்ப் பாடசாலைக்குப் போக வழியற்று நின்ற 2022இலும் அது கைகொடுத்திருக்கும்.

ஒன்றை எங்கள் பக்கம் திரும்பியும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளில் கற்பிக்கும் தமிழ், சிங்கள ஆசிரியர்களும் இதே வரியைக் கட்டுகிறார்கள். நோன்பு காலத்தில் ஒரு வாய் தண்ணீருக்கு மறைவிடம் தேடும் ஆசிரியையும், பொட்டு வைத்த நெற்றியை ஒரு பெற்றார் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொள்ளும் ஆசிரியையும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். திருகோணமலையில் அபாயாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் நாங்கள். இந்த ஆசிரியைகளின் மன நிம்மதி நாங்கள் கேட்ட நியாயத்தின் மறு பாதி. அதைப் பேசாமல் விட்டால் அந்தக் குரலுக்குப் பாதி வலுவும் இருக்காது.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக் காரியங்கள் இல்லை. வெளிமாவட்டத்துக்கு நியமிக்கும்போது ஒரு பாடசாலைக்கு ஒருவர் என்று உதிர்த்துப் போடாமல் இருவராக அனுப்பலாம். புதிய ஆசிரியர் வருமுன் அதிபர் பெற்றோரைக் கூட்டி, வருபவர் யார், என்ன படித்தவர், என்ன உடுத்துவார் என்பதைத் தானே சொல்லிவிடலாம். வாசலில் கூட்டம் கூடிய பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ எளிது. ஆசிரியர் ஒருவர் இன, சமய காரணத்தால் அவமதிக்கப்பட்டால் இடமாற்றம்தான் தீர்வு என்ற நடைமுறையை வலயக் கல்விப் பணிமனைகள் கைவிட வேண்டும். இடமாற்றினால் தண்டனை பெறுவது பாதிக்கப்பட்டவர்.

கல்முனை வலயம் இன்னொன்றும் செய்யலாம். ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை, அடுத்ததில் ஆங்கில ஆசிரியர் இல்லை என்ற முறைப்பாடு வருடா வருடம் வருகிறது. காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையே, பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் இடையே சைக்கிளில் போகிற தூரம்தான். விரும்பி முன்வரும் ஆசிரியர்களை இந்த ஊர்களுக்கிடையே இரண்டு வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் வீட்டை விட்டுப் பிரிய வேண்டாம், போர்டிங் தேட வேண்டாம். வருடாந்த இடமாற்ற விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் போட்டுத் தந்தால், அதில் அடையாளமிடக்கூடிய டீச்சர்மாரையும் சேர்மாரையும் இரு பக்கத்திலும் எனக்குத் தெரியும்.