விண்கலத்தின் குரல் கேட்கும் செவிகள்

விண்வெளிக்குச் செல்லும் கலங்களைப் போற்றும் நாம், மண்ணில் நின்று அவற்றின் குரலைக் கேட்கும் நிலையங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. அவை இல்லையேல் விண்கலம் வழிகாட்டுவாரின்றித் தவிக்கும்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, இதற்கென மூன்று நிலையங்களை அமைத்துள்ளது. அவை அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய இடங்களை ஒட்டி உள்ளன. மூன்று எதற்கு? பூமி சுழல்கின்றதன்றோ! ஒரு நிலையம் விண்கலத்தை விட்டு மறையும்போது மற்றொன்று அதனை நோக்கித் திரும்பும்.

ஆயினும், 1977-இல் ஏவப்பெற்ற வாயேஜர் 2 தென்திசையில் வெகுதொலைவு சென்றுவிட்டது. எனவே, அதற்குக் கட்டளையிட வல்லது, 70 மீட்டர் அகலமுள்ள கான்பெராவின் கிண்ண வடிவ அலைவாங்கி ஒன்றே.

2023 ஜூலை 21-இல், தவறான கட்டளை ஒன்றால் வாயேஜரின் அலைவாங்கி பூமியை விட்டு 2 பாகை விலகியது. அதன் அலைகள் டார்ச் விளக்கின் ஒளிபோல் ஒரே திசையில் செல்பவை. ஆகவே தொடர்பு அறுந்தது. கலமோ ஏறத்தாழ 2,000 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்!

கான்பெரா நிலையம் தன் பேராற்றல் முழுவதையும் கூட்டி, "பூமியை நோக்கித் திரும்புக" எனும் கட்டளையை அனுப்பியது. அது சென்று சேர 18½ மணி நேரம். விடை வந்து சேர மேலும் 18½ மணி நேரம். 37 மணி நேரக் காத்திருப்பிற்குப் பின், ஆகஸ்ட் 4-இல் வாயேஜர் மீண்டும் பேசியது!

சிறு பிழையும் பெரும் பிரிவை விளைவிக்கும். எனினும், பிழையை உணர்ந்து பொறுமையுடன் முயல்வோர் இழந்ததை மீட்பர். இதனை நாம் நெஞ்சில் நிறுத்துவோமாக!